கொன்ராட் பிரபுவின் பிள்ளைகளும் ரீடச்சிங் முனியராஜும்

எங்கள் அச்சக முதலாளிகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என் வாழ்க்கையை எழுதித் தரும்படி கேட்டார்கள். என் வாழ்க்கை ஊருக்கே தெரியும். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத காளிராஜ், காலால் மிதிக்கும் ஒரே ஒரு பழைய மெஷினோடு ஆரம்பித்தவன். இன்றைக்குத் திருத்தங்கல் ரோட்டில் எட்டு மெஷின் ஓடுகிறது. டவுன் பஸ் கண்டக்டர்கள் அந்த ஸ்டாப்பை என் பிரஸ் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இதையெல்லாம் நானே எழுதி, நானே அச்சடித்து, நானே படித்து என்ன ஆகப்போகிறது? அதனால் என்னிடம் இருபத்தைந்து வருஷமாக ரீடச்சிங் வேலை பார்க்கும் முனியராஜைப் பற்றி எழுதுகிறேன். அவனைப் பற்றி எழுதினாலும் பாதி என்னைப் பற்றித்தான் வரும். வந்துவிட்டுப் போகட்டும்.

முனியராஜுக்கு ஊர் விஸ்வநத்தம். அப்பா கரிசல் காட்டில் கூலிக்கு உழுதவர். மழை இல்லாமல் காடு கைவிட்ட பிறகு, அம்மா மாடத்தி தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போனாள். அவள் கொண்டுவரும் தீப்பெட்டி லேபிளைப் பார்த்துப் பார்த்துச் சுவரில் கரியால் வரைந்து பழகியவன் இவன். எட்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறான். என்னைவிட மூன்று வகுப்பு கூடுதல். ஆனால் கூலிக்கு நின்றது அவன்தான், கூலி கொடுத்தது நான்தான்.

1983-இல் ஒரு டீக்கடைப் பலகையில் அவன் சேவல் வரைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். டீ ஆறிப்போகும்வரை பார்த்தேன். சேவலின் கண்ணில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தான். உடனே சேவல் என்னை முறைத்தது. "ஏலே, நாளையில இருந்து நம்ம பிரஸ்ஸுக்கு வந்துரு" என்றேன். ஆளை எடை போடுவதில் என் கண்ணுக்கு ஈடு இந்த வட்டாரத்தில் கிடையாது. அன்றைக்கும் அது தப்பவில்லை.

ரீடச்சிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கலர் படம் அச்சடிக்க நாலு கலருக்கு நாலு பிலிம் வேண்டும். பிலிமை விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் வைத்துப் பார்த்தால் தூசி, கீறல், கறை எல்லாம் தெரியும். பிளேடு முனையால் சுரண்டுவதைச் சுரண்டி, சன்னமான பிரஷ்ஷால் நிரப்புவதை நிரப்பிச் சுத்தமாக்க வேண்டும். அச்சடித்த பிறகு அங்கே கை பட்டதே தெரியக்கூடாது. முனியராஜ் செய்தால் தெரியாது. எங்கள் பிரஸ்ஸில் அச்சான காலண்டர் சாமிகளில் முக்கால்வாசிக்கு முகம் அவன் கொடுத்ததுதான். 1988-இல் நாங்கள் போட்ட தவழும் கண்ணன் காலண்டர் கன்னியாகுமரி முதல் கல்கத்தா வரைக்கும் போயிற்று. அந்தக் கண்ணனின் கன்னத்தைக் கிள்ளாத பெண்பிள்ளை கிடையாது என்று நானே நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

2004 ஆகஸ்டில் ஜெர்மனியில் இருந்து ஓர் ஆர்டர் வந்தது. சென்னை ஏஜெண்ட் மூலமாக வந்தாலும் தாளில் என் பிரஸ் பேர் இருந்தது. ஜெர்மனி! அச்சு மெஷினே அங்கிருந்துதான் வருகிறது. அந்த நாட்டுக்காரன் தன் ஊர்க் காலண்டரை இந்தக் காளிராஜிடம் அடிக்கக் கொடுக்கிறான். மூன்று நாள் நான் கடைத்தெருவில் நடக்கவில்லை, மிதந்தேன்.

அது ஒரு சின்ன ஊர். அங்கே ஐந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கொன்ராட் என்று ஒரு டியூக் இருந்தானாம். டியூக் என்றால் ராஜாவுக்குக் கீழே, ஜமீனுக்கு ரொம்ப மேலே. நான் பிரபு என்றே எழுதிவிடுகிறேன். ஊருக்குக் கோட்டைச் சுவர் கட்டியது, வாரச் சந்தை கூட உரிமை கொடுத்தது எல்லாம் அவன்தான். அந்தச் சந்தைக்கு விழா எடுக்கிறார்கள். பன்னிரண்டு மாதத்துக்கும் அவன் வாழ்க்கையில் இருந்து பன்னிரண்டு படம். டிசம்பர் தாளில் பழைய மாதா கோயில் ஒன்றில் இருக்கும் குடும்பப் படம். நடுவில் மாதா. ஒரு பக்கம் பிரபு முழங்கால் போட்டிருக்கிறான், அவனுக்குப் பின்னால் எட்டு மகன்கள் வரிசையாக. மறு பக்கம் மனைவிமார் இருவர், அவர்களுக்குப் பின்னால் ஏழு மகள்கள். அதில் மூன்று பிள்ளைகள் கைக்குழந்தைகள். கழுத்து வரைக்கும் துணி சுற்றித் தரையில் படுக்க வைத்திருந்தது.

படங்கள் சி.டி.யில் வந்தன. வெளியில் கொடுத்து பிலிம் எடுத்து முனியராஜ் மேசைக்கு அனுப்பினேன். மறுநாள் அவன் என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, இங்கன பாருங்க. வெள்ளைக்காரனுக்கும் நம்ம ஆளுக மாதிரி அசமந்தம் உண்டு போல."

பார்த்தேன். குடும்பப் படத்தில் சில தலைகளுக்கு மேலே சின்னச் சின்னதாகச் சிவப்பில் கூட்டல் குறி. முடி கனத்தில், நாலு பக்கமும் சமமாக. எந்தப் பிரஸ்காரன் பார்த்தாலும் ஒன்றுதான் சொல்வான். அது ரிஜிஸ்டர் மார்க். நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் உட்காருகிறதா என்று பார்க்கத் தாளின் ஓரத்தில் போடும் குறி. காலண்டர் வெட்டும்போது ஓரத்தோடு போய்விடும்.

"எவனோ பளைய அச்சுத் தாள மேல மேல வச்சு ஸ்கேன் எடுத்திருக்கான் அண்ணாச்சி. ஓரத்துல கிடந்த மார்க்கு உள்ள விளுந்துபோச்சு. பத்து இருக்கு."

"சிலுவையா இருக்குமோலே?"

"சிலுவைன்னா கால் நீளமா இருக்குமே. சர்ச்சு காலண்டரு எம்புட்டு அடிச்சிருக்கோம், நமக்குத் தெரியாதா?"

"அப்ப எடுத்துரு. படம் சுத்தமாப் போகணும். ஜெர்மன்காரன் அசந்துபோகணும்."

எடுக்கச் சொன்னது நான்தான். இதை நான் எங்கேயும் மறைத்ததில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து பத்தையும் எடுத்தான். சுரண்டின இடத்தில் பின்னால் இருந்த பச்சைத் திரையை ஒரு புள்ளி பிசகாமல் நிரப்பினான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். குறி இருந்த இடம் எனக்கே தெரியவில்லை. முதுகில் தட்டிக் கொடுத்தேன். மாதிரித் தாள் அச்சடித்து கூரியரில் ஜெர்மனிக்கு அனுப்பினோம்.

இரண்டு வாரத்தில் பதில் வந்தது. கம்ப்யூட்டர், இங்கிலீஷ் எல்லாம் என் மகன் ராம்குமார் பார்த்துக்கொள்வான். அவன் படித்துவிட்டு என்னையும் முனியராஜையும் கூப்பிட்டான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாத முகம்.

"அப்பா, படம் ரொம்ப நல்லா இருக்காம். ஆனா செத்தவங்க எல்லாரும் எப்படிப் பிழைச்சாங்கன்னு கேக்காங்க."

"என்னலே சொல்ற?"

"அந்த மார்க்கு ரிஜிஸ்டர் மார்க்கு இல்லப்பா. படம் வரையுறதுக்கு முன்னாடியே செத்துப்போனவங்க தலைக்கு மேல சிலுவை வரையுறது அவங்க வழக்கமாம். மொதப் பொண்டாட்டி, அப்புறம் ஒம்பது பிள்ளைக. மொத்தம் பத்துப் பேரு. பிரபுதான் தன் கண்முன்னால வரையச் சொன்னாராம். உயிரோட இருக்கிற பிள்ளைக, போன பிள்ளைக எல்லாரையும் ஒரே வரிசையில."

எனக்கு முதலில் வந்தது பயம். ஜெர்மன்காரனிடம் கெட்ட பேர் வாங்கிவிட்டோமே என்ற பயம். "இப்ப என்னலே பண்றது?" என்றேன்.

"அது ஒண்ணும் இல்லப்பா. சி.டி.யில சிலுவையோடதான இருக்கு. அந்த ஒரு தாளுக்கு மட்டும் புதுசா பிலிம் எடுத்தா முடிஞ்சது. அரை நாள் வேலை."

போன உயிர் வந்தது. அப்போதுதான் முனியராஜைப் பார்த்தேன். மாதிரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கட்டுமா? இத இப்படியே விட்டுட்டா என்ன?"

"எத?"

"இந்தப் பிள்ளைகளத்தான். செத்து ஐந்நூறு வருசத்துக்கு மேல ஆச்சு. ஒரு காலண்டர்லயாவது உசுரோட இருந்துட்டுப் போகட்டுமே."

நான் சிரித்தேன். பலமாகவே சிரித்தேன். மெஷின்காரர்களையும் கூப்பிட்டு, "ஏலே, இவன் ஜெர்மன்காரன் பிள்ளைகளுக்கு உசுரு கொடுக்கப் போறானாம்லே" என்றேன். அவர்களும் சிரித்தார்கள். முனியராஜ் தாளை மேசைமேல் வைத்தான். பிளேடையும் பிரஷ்ஷையும் துடைத்து டப்பாவில் போட்டான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஒரு ஆளை அனுப்பினேன். "நான் இனிமே வரலன்னு அண்ணாச்சிகிட்டச் சொல்லிரு" என்று சொல்லி அனுப்பியிருந்தான்.

காலண்டர் சீசன் உச்சத்தில் ரீடச்சிங் ஆள் வேலையை விட்டால் எந்தப் பிரஸ்ஸிலும் பாதி வேலை முடங்கும். புது பிலிம் எடுத்தால் ஜெர்மன் ஆர்டர் முடிந்துவிடும், சரி. முனியராஜ் போனால்? மூன்றாம் நாள் மாதிரித் தாளைச் சுருட்டிக்கொண்டு நானே விஸ்வநத்தம் கிளம்பினேன். ஒரு தொழிலாளி வீட்டு வாசலில் போய் நின்று நான் ஆள் கூப்பிட்டது அது ஒரு தடவைதான்.

முனியராஜ் வீட்டில் இல்லை. மனைவி பாண்டிச்செல்வி அப்போதுதான் பட்டாசு வேலை முடிந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை தேய்த்தும் விரல் இடுக்கில் வெள்ளி மருந்து மினுங்கியது.

"வாங்க அண்ணாச்சி. இவுக கண்மாய்ப் பக்கம் போயிருக்காக. உக்காருங்க, காப்பி குடிச்சிட்டீகளா?"

"காப்பி இருக்கட்டும் தாயி. உன் புருசனுக்கு என்ன கோவம்? நாலு பேர் முன்னால சிரிச்சேன். அதுக்கு வேலைய விட்டுருவானா?"

அவள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "என்னத்துக்குச் சிரிச்சீக?"

அவளுக்குக் கதையே தெரியாது. அவன் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. தாளை விரித்து வைத்து நடந்ததைச் சொன்னேன். கூட்டல் குறி, சுரண்டினது, ஜெர்மன் பதில், அவன் கேட்டது, நான் சிரித்தது. அவள் படத்தின் அருகில் தரையில் உட்கார்ந்தாள்.

"இவரா அந்த ராசா? இவரு சரித்திரம் என்ன?"

ராம்குமார் படித்துச் சொன்னதை நான் என் பாஷையில் சொன்னேன். பன்னிரண்டு வயதில் அப்பனைப் பறிகொடுத்துப் பட்டத்துக்கு வந்தவன். அம்மாதான் கூட இருந்து ஆள வைத்தாள். முதல் மனைவிக்கு ஏழு பிள்ளைகள். ஒரே மாதத்தில் கொள்ளைநோய் வந்து மூன்றைக் கொண்டுபோயிற்று. ஏழாவது பிரசவத்தில் அவளும் போனாள். இரண்டாம் மனைவிக்கு எட்டு.

"ரெண்டாந்தாரம் இருக்கையில மொதத் தாரத்தையும் பக்கத்துல வச்சு வரையவிட்டாளா? பெரிய மனசுதான்."

"ராசா சொன்னா விடாம என்ன செய்வா?"

"ராசா சொன்னா என்ன, நான்னா விட மாட்டேன்" என்று சிரித்துக்கொண்டே விரலால் தலைகளை எண்ணினாள். "இந்தப் பொண்ணு யாரு? முகம் செத்துக் கிடக்கு."

"அத ஒம்பது வயசுல வேற நாட்டு இளவரசனுக்குக் கட்டிக் கொடுத்தாக. பதினோரு வயசுல தாலியறுத்துத் திரும்பி வந்துட்டா."

"அங்கயும் அப்படித்தானா!"

"பிரபு செத்த பெறகு மிஞ்சுன மகன்மாரு மூணு பேரும் சீமைய மூணாப் பிரிச்சுக்கிட்டாக. அப்பன் பேர் போட்ட முத்திரை யாருக்குன்னு எட்டு வருசம் சண்டை."

"நம்மூர்ல கம்பெனி பேருக்குச் சண்டை போடுற மாதிரி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. என் தம்பிமாரோடு பிரஸ் பேருக்காக நானே கோர்ட்டில் நின்றிருக்கிறேன். ஜெயித்ததும் நான்தான்.

அவள் எண்ணுவதை நிறுத்தினாள். துணி சுற்றிய குழந்தைகளையே பார்த்தாள். பிறகு, "அண்ணாச்சி, எங்க மூத்தவன் போனது ஒங்களுக்கு ஞாவகம் இருக்கா?" என்றாள்.

நான் விழித்தேன். ஓவியா என்று ஒரு மகள் அவர்களுக்கு இருப்பது தெரியும். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிற பிள்ளை. மூத்தவன்?

"ரெண்டே கால் வயசு. காய்ச்சல் மண்டைக்கு ஏறிருச்சு. நீங்க துட்டி கேக்க வந்தீக. ஆளுக்கு ஒரு ஆறுதல் சொல்லிட்டு, இவுக கையப் பிடிச்சு, தவழுற கண்ணன் பிலிம் நிக்கு, மூணு நாள்ல வந்துருன்னு சொல்லிட்டுப் போனீக. இவுகளும் மூணாம் நாள் வந்தாக."

எனக்குத் துக்கம் கேட்கப் போனது நினைவில் இல்லை. எப்படி நினைத்துப் பார்த்தும் வரவில்லை. கண்ணன் காலண்டர் எத்தனை லோடு போயிற்று என்பது நினைவிருந்தது. எந்த ஊர் வியாபாரி முதலில் வாங்கினான் என்பதும் நினைவிருந்தது.

"சின்னப் பிள்ளைன்னு அன்னைக்கே புதைச்சிட்டு வந்துட்டாக. பெரியவுகளுக்குன்னா திதி உண்டு, படம் மாட்டி மாலை போடுவோம். பச்சைப் பிள்ளைக்கு ஒண்ணும் கிடையாது. வீட்டுல ஒரு போட்டா இல்ல. ஊருக்கெல்லாம் சாமி முகம் வரையுற மனுசன், ஒருநாளும் அவனை வரைஞ்சதில்ல. நானும் கேட்டதில்ல."

சைக்கிள் சத்தம் கேட்டது. முனியராஜ் வந்து நின்றான். என்னைப் பார்த்தான், தரையில் விரித்துக் கிடந்த தாளைப் பார்த்தான்.

"எதுக்கு அண்ணாச்சி இத வீட்டுக்குக் கொண்டுவந்தீக?"

"வாலே முனியா. நான் சிரிச்சது தப்புத்தான்" என்றேன். இந்த வாயால் அப்படிச் சொன்னது எனக்கே புதுசாக இருந்தது. "மூத்த பிள்ளையப் பத்தி நான் மறந்தே போயிட்டேன்."

"அதுக்கு ஒண்ணும் இல்ல. வேலை செய்ய முடியல, அம்புட்டுத்தான். என் கையால அழிச்சு பதினஞ்சு நாள் அதுக உசுரோட இருந்துச்சுக. இப்பப் புதுப் பிலிமுல பழையபடி வந்துரும். அதப் பார்த்துக்கிட்டு அந்த மேசையில என்னால உக்கார முடியாது."

பாண்டிச்செல்வி எழுந்திருக்கவே இல்லை. படத்தைப் பார்த்தபடியே பேசினாள். "ஏங்க, இதுல குறி இல்லையே. இப்பச் சொல்லுங்க, எது போன பிள்ளை, எது இருக்கிற பிள்ளை?"

அவன் குனிந்து தாளைப் பார்த்தான்.

"தெரியல இல்ல? எனக்கும் தெரியல. எல்லாம் கூட்டத்தோட கூட்டமாத் தெரியுது. ஒரு பிள்ளை மேலயும் கண்ணு தனியா நிக்கல. குறி இருந்தா நிக்கும்ல? இன்ன பிள்ளை வந்துச்சு, இருந்துச்சு, போயிருச்சுன்னு ஐந்நூறு வருசம் கழிச்சு விஸ்வநத்தத்துல இருக்கிற எனக்குக்கூடத் தெரியும்ல? அந்த மனுசன் அதுக்குத்தான வைக்கச் சொல்லியிருக்காரு. நீங்க உசுரு கொடுக்கல, அதுகளக் காணாமப் போக்கிட்டீக."

"நீ சும்மா இரு, ஒனக்கு என்ன தெரியும்" என்றான். ஆனால் குரலில் கோபம் இல்லை.

"எனக்கு என்ன தெரியுமா? யாராவது எத்தன பிள்ளைன்னு கேட்டா, ஒண்ணுன்னு சொல்லுதீகளே. பதினாறு வருசமாக் கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு எப்படி இருக்கும்னு தெரியுமா ஒங்களுக்கு?"

அந்த வீட்டில் அதற்கு மேல் எனக்கு வேலை இல்லை என்று புரிந்தது. தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். எதையும் பேசி முடிக்காமல் நான் திரும்பிய இடம் என் தொழில் வாழ்க்கையில் அது ஒன்றுதான். வரும் வழியெல்லாம், இவன் வரமாட்டான் என்றே நினைத்தேன். புது பிலிமுக்கு ஆர்டர் கொடு என்று ராம்குமாரிடம் சொல்லிவிட்டேன்.

காலையில் நான் பிரஸ்ஸைத் திறக்கும்போது முனியராஜ் வாசலில் நின்றான். கையில் சுருட்டிய தாள்.

"அண்ணாச்சி, புதுப் பிலிம் வேண்டாம். நான் எடுத்தத நானே வச்சிருதேன்."

"கஷ்டமான வேலைலே. சிவப்பு வரணும்னா மஞ்சள், மெஜந்தா ரெண்டு பிலிம்லயும் வைக்கணும். பத்து சிலுவை இருபது ஆகும். ஒண்ணுமேல ஒண்ணு முடி அளவு பிசகாம உக்காரணும்."

"உக்கார வைக்குதேன்."

ராம்குமார் எரிச்சலோடு என்னைப் பார்த்தான். அரை நாள் வேலையை மூன்று நாள் ஆக்குகிறார்களே என்று அவனுக்கு. பிலிம் ஆர்டரை ரத்து பண்ணச் சொன்னேன். சீசன் நேரத்தில் மூன்று நாளை இப்படி விட நான் எப்படி ஒத்துக்கொண்டேன் என்று இன்றைக்கும் என் மகன் கேட்கிறான். அவனுக்கு நான் பதில் சொன்னதில்லை. இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்.

முனியராஜ் கண்ணாடி மேசை விளக்கைப் போட்டான். பிரஷ்ஷில் நடு முடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை வெட்டினான். பிறகு ராம்குமாரைக் கூப்பிட்டு, "தம்பி, அவுக அனுப்புன கடுதாசியில பேரு எல்லாம் இருக்கா? ஒவ்வொண்ணாச் சொல்லுங்க" என்றான்.

ராம்குமார் சி.டி.யில் இருந்த படத்தில் இடத்தைக் காட்டிக் காட்டிப் படித்தான். மார்கரேட்டா, முதல் மனைவி. முனியராஜ் அந்தப் பேரை நம் ஊர் வாயால் ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு சிலுவையை வைத்தான். ஹான்ஸ், ஆறு வயசு. வைத்தான். அன்னா, நாலு வயசு. வைத்தான். பாதியில் மெஷின்காரர்கள் வந்து பின்னால் நின்றார்கள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. துணி சுற்றிய குழந்தைகள் வந்தபோது ராம்குமார் நிறுத்தினான்.

"இந்த மூணுக்கும் பேரு இல்லண்ணே. பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே போயிருச்சு. மகன், மகள், மகன்னு மட்டும் போட்டிருக்கு."

முனியராஜ் பிரஷ்ஷைத் தூக்கியபடி அப்படியே இருந்தான். பேர் இல்லாத பிள்ளைக்கு என்ன சொல்லி வைப்பது என்று தெரியாமல் இருந்தான் என்று நினைக்கிறேன். இருபத்தொரு வருஷம் என்னிடம் வேலை பார்த்தவன். அவன் வீட்டுத் துக்கத்துக்குப் போய் வந்திருக்கிறேன். ஒரு விஷயம் அவனிடம் நான் கேட்டதே இல்லை.

"ஏலே முனியா" என்றேன். "உன் மூத்தவன் பேரு என்னலே?"

அவன் நிமிரவில்லை. விளக்கு வெளிச்சம் கீழிருந்து அவன் முகத்தில் அடித்தது.

"சுந்தரபாண்டி அண்ணாச்சி. எங்க அய்யா பேரு" என்று சொல்லிவிட்டு, முதல் குழந்தையின் தலைக்கு மேல் பிரஷ்ஷை இறக்கினான்.